ஜெர்மனியில் எந்த டிஜிட்டல் வங்கி? புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மனி வந்து இறங்கும் தமிழர்கள், வீடு தேடுவதற்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது வங்கிக் கணக்கைப் பற்றித்தான். "எந்த ஆப் நல்லது?" என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள், வரிசையாகப் பரிந்துரை இணைப்புகள் வந்து விழும். பெரும்பாலானவற்றில் அனுப்புகிறவருக்கு ஒரு போனஸ் உண்டு. இங்கே அப்படி இணைப்பு எதுவும் இல்லை. என் கட்சியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டணம், கார்டு, ஆப்பின் அழகு எல்லாம் பிறகு. உங்கள் கணக்கு ஒரு வாரம் முடங்கிப்போனால் வாடகையை எப்படிக் கட்டுவீர்கள்? அதற்குப் பதில் இருக்கிற மாதிரி தேர்ந்தெடுங்கள்.

டிஜிட்டல் வங்கி என்று சொல்லப்படுவதெல்லாம் வங்கிதானா?

இல்லை. முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். பெர்லினில் 2013-இல் தொடங்கப்பட்ட என்26, 2016-இல் சொந்தமாக வங்கி உரிமம் வாங்கியது. பன்க் நெதர்லாந்து வங்கி. ரெவலூட் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் லிதுவேனியாவில் உரிமம் பெற்ற வங்கியாக இயங்குகிறது. டிகேபி, ஐஎன்ஜி, காம்டைரக்ட் போன்றவை இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே கிளை இல்லாமல் நடந்துவருபவை. அவற்றின் ஆப் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், ஆனால் வங்கி வேலை ஒழுங்காக நடக்கும். வைஸ் வங்கி இல்லை. அதன் ஐரோப்பிய நிறுவனம் பெல்ஜியத்தில் உரிமம் பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனம்.

இதனால் என்ன வித்தியாசம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் பெற்ற வங்கி எதுவாக இருந்தாலும், அது திவாலானால் ஒரு வாடிக்கையாளருக்கு 1,00,000 யூரோ வரை வைப்புக் காப்பீடு உண்டு. 7 வேலை நாட்களுக்குள் பணம் வர வேண்டும். பணப் பரிமாற்ற நிறுவனத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, அது நல்ல விதிதான். ஆனால் சிக்கல் வந்தால் பணம் கைக்கு வர நாளாகும். 2020 ஜூனில் வயர்கார்ட் நிறுவனம் திவாலானபோது, பிரிட்டனின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பிரிட்டிஷ் துணை நிறுவனத்தின் வேலைகளை நிறுத்தி வைத்தது. அந்தத் துணை நிறுவனத்தை நம்பி கார்டு கொடுத்திருந்த பல ஆப்களின் வாடிக்கையாளர்கள் சில நாட்கள் சொந்தப் பணத்தையே தொட முடியவில்லை. பணம் தனியாக, பத்திரமாகத்தான் இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை.

ஆகவே சம்பளம் வந்து விழும் கணக்கு உரிமம் பெற்ற வங்கியில் இருக்கட்டும். ஒரு நிறுவனம் வங்கியா இல்லையா என்று தெரியாவிட்டால் அதன் இணையதளத்தின் அடியில் உள்ள இம்ப்ரெஸ்ஸும் பக்கத்தைப் பாருங்கள். எந்த நாட்டில் உரிமம், எந்த அமைப்பு மேற்பார்வை என்பது அங்கே இருக்கும். ஜெர்மனியின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பான பாஃபின், உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் தன் தளத்தில் இலவசமாகத் தேடவும் விடுகிறது.

ஐபான் எண் "டிஇ" என்றுதான் தொடங்க வேண்டுமா?

ஐபான் என்பது நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் வங்கிக் கணக்கு எண், ஜெர்மனிக்கு அது "டிஇ". ஆனால் சட்டப்படி அது தேவையில்லை. யூரோ பரிமாற்ற வட்டத்துக்குள் எந்த நாட்டு ஐபானையும் ஏற்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒழுங்குமுறை சொல்கிறது. லிதுவேனியாவின் "எல்டி"யோ பெல்ஜியத்தின் "பிஇ"யோ நெதர்லாந்தின் "என்எல்"லோ, எதையும் மறுக்கக் கூடாது.

நடைமுறை வேறு. உடற்பயிற்சிக் கூடத்தின் படிவம், மின்சார நிறுவனத்தின் இணையதளம், சின்ன கம்பெனியின் சம்பள மென்பொருள், இவற்றில் சில "டிஇ"யும் அதன்பின் 20 இலக்கமும் இல்லாவிட்டால் "தவறான எண்" என்று திருப்பி அனுப்பும். சட்டத்தைக் காட்டிச் சண்டை போடலாம். இதற்காகவே வெட்பெவெர்ப்ஸென்ட்ராலே என்ற அமைப்பு புகார்களை வாங்குகிறது. ஆனால் வந்து இரண்டு வாரம் ஆன ஒருவருக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே? முதன்மைக் கணக்குக்கு ஜெர்மன் ஐபான் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வெளிநாட்டில் உரிமம் பெற்ற வங்கிகள் சிலவும் ஜெர்மன் ஐபான் தருகின்றன என்பதால், கணக்கு தொடங்கும் முன் எந்த நாட்டு எண் வரும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முகவரிப் பதிவு இன்னும் முடியவில்லை. கணக்கு தொடங்க முடியுமா?

சில இடங்களில் முடியும். அன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவை வீட்டுக்குள் குடியேறி இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய ஊர்களில் அதற்கான நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பதிவு முடிந்த பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும், அதற்கும் சில வாரம் ஆகலாம். பல வங்கிகள் இந்த எண்ணைப் பிறகு கொடுக்க அனுமதிக்கின்றன. பழைய வங்கிகளில் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நகர்வது கஷ்டம். காரணம் எளிது: இந்தியப் பாஸ்போர்ட்டில் ஜெர்மன் முகவரி இல்லை, அதை வேறு காகிதத்தால்தான் காட்ட முடியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கார்டு தபாலில் வரும். உங்கள் பெயர் தபால் பெட்டியில் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் அதைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். வேறொருவர் வீட்டில் தங்கியிருந்தால் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் எனக்கு குடும்பப் பெயரே இல்லை. படிவத்தில் என்ன போடுவது?

தமிழர்களுக்கென்றே வந்து சேர்ந்த தலைவலி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் பெயர் கார்த்திக், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். சிலர் பாஸ்போர்ட்டில் முருகேசன் குடும்பப் பெயராக இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, "கார்த்திக் முருகேசன்" மொத்தமும் முதற்பெயர் கட்டத்தில் இருக்கும். இரண்டாவது வகைதான் வம்பு. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, ஒரு பெயர்க் கட்டம் மட்டும் நிரம்பியிருந்தால் அதில் உள்ளது முழுதும் அங்கே குடும்பப் பெயரின் இடத்தில் ஏறும். வங்கியின் ஆப் அதைப் படித்து, முழுப் பெயரையும் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் எங்கே என்று கேட்கும். நகராட்சி அலுவலகம் ஒரு மாதிரி எழுதும், குடியிருப்பு அனுமதி அட்டையில் இன்னொரு மாதிரி வரும், வேலை ஒப்பந்தத்தில் மூன்றாவது மாதிரி.

முன்பு இது வெறும் எரிச்சல்தான். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் பணம் அனுப்பும் முன் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துக் காட்ட வேண்டும். ஆகவே உங்களுக்கு யாராவது பணம் அனுப்பும்போது "பெயர் பொருந்தவில்லை" என்ற எச்சரிக்கை அவர்கள் திரையில் வரலாம். அதைத் தாண்டியும் அனுப்பலாம்தான். ஆனால் முன்பணத்தைத் திருப்பித் தரவிருக்கும் வீட்டுக்காரர் அந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டால்?

வழி இதுதான். முகவரிப் பதிவின்போதே சான்றிதழில் பெயர் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள், எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வங்கியில் அதே வரிசை, அதே எழுத்துகள். கணக்கு திறந்ததும் ஆப்பில் கணக்கு வைத்திருப்பவர் பெயர் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே நகலெடுத்து மனிதவளப் பிரிவுக்கும் வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். இனிஷியலை நீங்களாக முன்னும் பின்னும் மாற்றிப் போட வேண்டாம்.

வீடியோவில் அடையாளம் காட்டுவது தோல்வியடைந்தால்?

ஒவ்வொரு வங்கியும் எந்தெந்த நாட்டு ஆவணத்தை வீடியோவில் ஏற்கும் என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வீடியோவில் முடியாவிட்டால் போஸ்ட் ஐடென்ட் என்ற வழி பல வங்கிகளில் உண்டு: தாளை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு தபால் நிலையத்துக்குப் போனால் ஐந்து நிமிட வேலை. நெட் சரியில்லாத விடுதி அறையில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டுவதைவிட எனக்குப் பிடித்தது இதுதான்.

மாணவர்களின் ப்ளாக்டு அக்கவுண்ட் இருக்கிறதே, அதுவே போதாதா?

போதாது. விசாவுக்காகக் காட்டும் அந்தத் தொகை, 2024 செப்டம்பரில் மாற்றியமைத்தபடி, ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அப்படி வருவதற்கு உங்கள் பெயரிலேயே ஒரு சாதாரண நடப்புக் கணக்கு வேண்டும். நண்பன் கணக்கைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். இறங்கிய முதல் மாதம் பலரும் திண்டாடுவது இந்த இடைவெளியில்தான்: கையில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது, ரொட்டி வாங்கக் காசில்லை. கையோடு ஆறு வாரச் செலவுக்கான பணத்தை ஃபாரெக்ஸ் கார்டிலோ ரொக்கமாகவோ கொண்டுவருவது புத்திசாலித்தனம்.

எல்லா வங்கியும் மறுத்துவிட்டது. என்ன செய்வது?

அடிப்படைக் கணக்கு கேளுங்கள். இங்கே பாஸிஸ்கோன்டோ என்பார்கள். 2016 ஜூனிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாருக்கும் இதற்கு உரிமை உண்டு. தஞ்சம் கோரி வந்தவர்கள், நிலையான முகவரி இல்லாதவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். முழுமையான விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். கணக்கில் இல்லாத பணத்தை எடுக்க முடியாது, அவ்வளவுதான் குறை. கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது, மாதம் 8.99 யூரோ கேட்ட டாய்ச் வங்கியின் விதியை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் செல்லாது என்றது.

1980-களில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம்மவர்கள் பலர் இன்றும் ஸ்பார்காஸ்ஸே என்ற சேமிப்பு வங்கியின் கிளையை விட்டு அசைவதில்லை. நேரில் போய்ப் பேச ஒரு ஆள் இருப்பதன் அருமை அவர்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அகதிகளுக்கான நீலப் பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கும் நான் அதையே சொல்வேன். ஆப்போடு மல்லுக்கட்டுவதைவிடக் கிளைக்குப் போவது சுலபம்.

கணக்கை ஏன் திடீரென்று முடக்குகிறார்கள்?

பணச் சலவைத் தடுப்புச் சட்டம். சந்தேகப்படும்படி ஒரு பரிமாற்றம் நடந்தால் வங்கி அரசுக்குப் புகார் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்ததை உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால்தான் அரட்டைப் பெட்டியில் எத்தனை முறை கேட்டாலும் "சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரே பதில் வருகிறது. அந்த ஊழியரைத் திட்டிப் பயனில்லை. புகாருக்கு உள்ளான பரிமாற்றத்தை மூன்று வேலை நாட்கள் வரை நிறுத்தி வைப்பது வழக்கமான நடைமுறை. வங்கியே தன் பங்குக்கு ஆராய ஆரம்பித்தால் அது இன்னும் நீளும்.

டிஜிட்டல் வங்கிகள் இதில் கடுமையாக இருப்பதற்குப் பின்னணி உண்டு. சந்தேகப் புகார்களைத் தாமதமாகக் கொடுத்ததற்காக என்26-க்கு 2021-இல் 42.5 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. மாதம் 50,000 புதிய வாடிக்கையாளருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று பாஃபின் போட்ட கட்டுப்பாடு 2024 வரை நீடித்தது. இப்படி அடி வாங்கிய துறை, சந்தேகம் வந்தால் முதலில் பூட்டிவிட்டுப் பிறகுதான் கேட்கும்.

இப்போது நம் பழக்கங்களைப் பாருங்கள். மாதாமாதம் பதினைந்து பேரிடமிருந்து ஒரே தொகை உங்கள் கணக்குக்கு வருகிறது, மறுநாள் மொத்தமும் ஒருவருக்குப் போகிறது. நமக்கு அது சீட்டு. கணினிக்கு அது வேறு எதுவோ. "நீ இங்கே யூரோ போடு, ஊரில் உன் அம்மா கையில் ரூபாய் சேர்ந்துவிடும்" என்கிற உண்டியல் வேலை அதைவிட ஆபத்து; உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்வது ஜெர்மனியில் குற்றம், கணக்கைக் கொடுத்தவரும் மாட்டுவார். அறைத் தோழர்கள் நால்வரின் வாடகையையும் ஒருவர் கணக்கில் சேர்த்துக் கட்டுவது குற்றமில்லை. ஆனால் குறிப்புப் பகுதியில் வேடிக்கைக்காகக் கண்டதையும் எழுதாமல் "மார்ச் வாடகை" என்று எழுதச் சொல்லுங்கள்.

முடங்கிவிட்டது. இப்போது யாரிடம் போவது?

முதலில் வங்கி கேட்கும் காகிதங்களை, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று, எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். துண்டு துண்டாக அனுப்பினால் ஒவ்வொரு துண்டுக்கும் வரிசையில் புதிதாக நிற்க வேண்டி வரலாம். அடுத்த சம்பளம் அங்கே போய் விழுவதற்குள் மனிதவளப் பிரிவுக்கு மாற்று ஐபானைக் கொடுத்துவிடுங்கள்.

அதன் பிறகும் அசையாவிட்டால் எழுத்தில் முறையான புகார் கொடுத்து, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படி எது என்பது வங்கி எங்கே உரிமம் வாங்கியது என்பதைப் பொறுத்தது. ஜெர்மன் வங்கி என்றால் பாஃபினும் வங்கிச் சங்கங்களின் சமரச மன்றங்களும். பன்க் என்றால் நெதர்லாந்தின் நிதிப் புகார் மன்றமான கிஃபிட். ரெவலூட் என்றால் லிதுவேனியாவின் மத்திய வங்கி. இதெல்லாம் ஆறப்போட்டு நடக்கும் வேலை, இந்த மாத வாடகைக்கு உதவாது. அதனால்தான் அடுத்த பதில்.

அப்படியென்றால் எத்தனை கணக்கு வேண்டும்?

இரண்டு, இரண்டு வேறு நிறுவனங்களில். சம்பளம், வாடகை, காப்பீடு, மின்சாரம் எல்லாம் ஜெர்மன் ஐபான் உள்ள ஒரு வங்கியில். இன்னொன்றில் ஒரு மாதச் செலவுக்கான பணம், அதற்குத் தனிக் கார்டு. அந்தக் கார்டு பணப்பையில் இருக்கக் கூடாது, வீட்டில் இருக்க வேண்டும். பணப்பையும் போனும் சேர்ந்து தொலையும் நாளை நினைத்துப் பாருங்கள்: டிஜிட்டல் வங்கியின் ஆப் ஒரு போனோடு பிணைக்கப்பட்டிருக்கும், புதிய போனில் மறுபடி பிணைக்க நேரமெடுக்கும்.

ஒரு கணக்கு டிகேபி, ஐஎன்ஜி போன்ற பழைய வகையிலும் இன்னொன்று புதிய ஆப் வகையிலும் இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். யூரோ நாடுகளில் உடனடிப் பரிமாற்றம் இப்போது 10 விநாடியில் முடிகிறது, சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதற்கு அதிகம் வசூலிக்கக் கூடாது என்பதும் விதி. அதனால் இரண்டு கணக்கைச் சமாளிப்பது முன்பு போல் சிரமமில்லை. ஐந்தாறு கணக்கு திறந்து வைப்பது வேண்டாத வேலை.

ஜெர்மனியில் இன்னும் ரொக்கம் தேவைப்படுமாமே?

ஆமாம். பேக்கரி, வாரச் சந்தை, சில உணவகங்களில் ரொக்கம்தான். சில கடைகளிலும் அலுவலகங்களிலும் ஜெர்மன் வங்கிகளின் உள்நாட்டு டெபிட் கார்டான கிரோகார்டை மட்டும் வாங்குவார்கள், விசா மாஸ்டர்கார்டு டெபிட்டை வாங்க மாட்டார்கள். என்26, ரெவலூட் கொடுப்பது பின்னதைத்தான். சி24 போல கிரோகார்டும் சேர்த்துத் தரும் டிஜிட்டல் வங்கிகளும் உண்டு, டிகேபி போன்றவற்றில் மாதம் ஒரு சிறு தொகைக்குக் கிடைக்கும். பழைய கிரோகார்டில், வெளிநாட்டிலும் அதைப் பயன்படுத்த உதவிய மேஸ்ட்ரோ சின்னம் இருந்தால் அதை நம்பி வெளிநாட்டுப் பயணம் போகாதீர்கள். 2023 ஜூலைக்குப் பிறகு புதிய கார்டுகளில் மேஸ்ட்ரோ வருவதே இல்லை.

பணம் எடுக்க ரேவே, பென்னி போன்ற சூப்பர்மார்க்கெட் கல்லாவிலேயே 200 யூரோ வரை கேட்டு வாங்கலாம், ஏடிஎம் தேடி அலைய வேண்டாம். ரொக்கத்தைக் கணக்கில் போடுவதுதான் டிஜிட்டல் வங்கிகளின் பலவீனம். கடை வழியாகச் செலுத்தும் வசதி சிலவற்றில் இருக்கிறது, ஒரு அளவுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். பகுதி நேர வேலையில் டிப்ஸ் ரொக்கமாக வருகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்ப எது லாபம்?

"கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். கட்டணத்தை மாற்று விகிதத்துக்குள் ஒளித்து வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். கேள்வி ஒன்றுதான்: இங்கே 1,000 யூரோ கொடுத்தால் அங்கே எத்தனை ரூபாய் சேரும்? ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆப்பில் இதைத் தட்டிப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும். வைஸ் சந்தை விகிதத்தையும் தன் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டுகிறது, அதனால் ஒப்பிட வசதி. இலங்கைக்கு அனுப்புகிறவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் இருக்கும் உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கை மறந்துவிட வேண்டாம். வெளிநாட்டில் குடியேறியதும், படிக்கப் போனவர்களுக்கும் சேர்த்து, அதை, வெளிநாட்டில் வாழ்பவர் தன் இந்திய வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம். இங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு நல்லது, எப்போது வேண்டுமானாலும் தடையின்றி வெளியே கொண்டுவரலாம். என்ஆர்ஓவிலிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. அது எத்தனை பேரைப் பாதிக்கும் என்பது வேறு விஷயம். ஆப் வழியாக என்ஆர்இ கணக்குக்கு அனுப்பும் முன், அந்த வழியில் வரும் பணத்தை ஏற்பீர்களா என்று இந்திய வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

ஜெர்மன் எண்ணில் யுபிஐ வேலை செய்யுமா என்றும் கேட்பார்கள். வெளிநாட்டு எண்களுக்கு 2023 ஜனவரியில் யுபிஐ திறந்துவிடப்பட்டபோது அறிவித்த 10 நாடுகளில் ஜெர்மனி இல்லை. அதனால் பழைய இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள், ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஏடிஎம்மில் ஜெர்மன் கார்டைப் போட்டால், "யூரோவில் பிடிக்கட்டுமா, ரூபாயிலா?" என்று கேட்கும். எப்போதும் ரூபாய். யூரோ என்று சொன்னால் அந்த ஏடிஎம் வைத்ததுதான் விகிதம்.

வட்டிக்கு வரி உண்டா?

உண்டு. தனி நபருக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ, தம்பதிக்கு 2,000 யூரோ வரை முதலீட்டு வருமானத்துக்கு விலக்கு. அதற்கான படிவத்தை ஜெர்மன் வங்கியில் ஆப்பிலேயே நிரப்பிவிடலாம். அதற்கு மேல் 25 சதவீத வரியும், அந்த வரியின் மேல் ஒற்றுமை வரி என்ற கூடுதல் வரியும். வேறு நாட்டில் உரிமம் பெற்ற வங்கி பல நேரம் இந்த வரியைத் தானாகப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்றால் வரியே இல்லை என்று அர்த்தமில்லை, வருமான வரிக் கணக்கில் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது சரி. ஆனால் ஜெர்மனியில் வரிக் குடியிருப்பாளராக இருப்பவர் உலகெங்கும் வரும் வருமானத்தைக் காட்ட வேண்டும். இரு நாடுகளும் கணக்குத் தகவல்களைத் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன, "அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது" என்ற பேச்செல்லாம் இப்போது செல்லாது.

ஷூஃபா, டிஸ்போ என்கிறார்களே?

ஷூஃபா என்பது கடன் தகுதிப் பதிவு நிறுவனம். கணக்கு தொடங்கும்போது பல வங்கிகள் அங்கே விசாரிக்கும், வீட்டுக்காரரும் கேட்பார். உங்கள் பதிவின் நகலை ஷூஃபா இலவசமாகத் தர வேண்டும், காசு கொடுத்து வாங்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். டிஸ்போ, கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் வசதி. வட்டி பல வங்கிகளில் 10 சதவீதத்தைத் தாண்டும். அணைத்து வையுங்கள்.

"ஆப்பைச் சோதிக்க ஒரு கணக்கு திறந்து பாருங்கள்" என்று ஒரு வேலை வந்திருக்கிறது. உண்மையா?

மோசடி. மாணவர்களைக் குறிவைத்து நடக்கிறது. வீட்டிலிருந்தே வேலை, வங்கி ஆப்பைச் சோதித்துக் கருத்து சொல்ல வேண்டும் என்பார்கள். நீங்கள் வீடியோவில் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் உங்கள் பெயரில் உண்மையான கணக்கு திறந்துவிடும், சாவி அவர்கள் கையில் இருக்கும். திருட்டுப் பணம் அதன் வழியாகப் போகும், போலீஸ் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் அன்றைக்கே அந்த வங்கிக்குச் சொல்லி மூடச் சொல்லுங்கள், போலீசிலும் புகார் கொடுங்கள்.

துணைவருக்குத் தனிக் கணக்கு அவசியமா?

அவசியம். குடும்ப விசாவில் வந்து இன்னும் வேலைக்குப் போகாதவராக இருந்தாலும் சரி. கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதோடு அவர் பெயரில், அவர் போனில் ஒரு கணக்கும் இருக்கட்டும். ஒருவருடைய கணக்கு முடங்கும்போது வீட்டுக்கு மளிகை வாங்க இன்னொருவரால் முடியும். வருமானம் இல்லாதவருக்கும் கணக்கு கிடைக்கும். மாதம் குறிப்பிட்ட தொகை வந்தால்தான் இலவசம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த நிபந்தனை 28 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பல வங்கிகளில் பொருந்தாது.

ஜெர்மனியை விட்டுக் கிளம்பும்போது கணக்கை எப்போது மூடுவது?

விமானம் ஏறும் முன் மூடாதீர்கள். வாடகை முன்பணம், அது மூன்று மாத அடிப்படை வாடகை வரை இருக்கும், ஆறு மாதம் கழித்துக்கூடத் திரும்பி வரலாம். மின்சாரத்தின் ஆண்டுக் கணக்கில் மிச்சம், வருமான வரி ரீஃபண்ட், எல்லாம் நீங்கள் போன பிறகுதான் வரும். ஆனால் பல டிஜிட்டல் வங்கிகள் தாங்கள் சேவை தரும் நாடுகளில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் கணக்கு வைத்திருக்க விடும், இந்தியா அந்தப் பட்டியலில் இருக்காது. முகவரி மாற்றத்தை மறைப்பதும் ஒப்பந்த மீறல். ஆகவே கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே, வெளிநாட்டு முகவரியோடும் தொடர அனுமதிக்கும் வங்கி எது என்று எழுத்தில் கேட்டு, வரவேண்டிய பணத்துக்கெல்லாம் அந்த ஐபானைக் கொடுத்துவிடுங்கள்.

வங்கியே கிளம்பிப் போவதும் உண்டு. என்26 2020-இல் பிரிட்டனையும் 2022 ஜனவரியில் அமெரிக்காவையும் விட்டு வெளியேறி, அங்கிருந்த கணக்குகளை மூடியது. அறிவிப்பு கொடுத்துத்தான் மூடினார்கள். ஜெர்மனியில் வங்கி தானாகக் கணக்கை முடிப்பதென்றால் குறைந்தது இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும். அந்தக் கடிதம் ஆப்பின் அஞ்சல் பெட்டியில் மட்டும் வந்து கிடக்கலாம், மாதம் ஒரு முறையாவது அதைத் திறந்து பாருங்கள்.